மூடைக்குள் கை விட்டுப் பாருங்கள்!

புதூர் பக்கம் ஒரு வீடு. சாயங்கால நேரம்.

அப்பா காட்டு வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா முற்றத்தில் காய்ந்த வத்தலைக் கூட்டி அள்ளிக்கொண்டு இருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பா, இந்த ஆளைப் பாருங்க! உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் இவர்தான்!"

படத்தில் ஒரு வாலிபர் நின்றார். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று புல்வெளி. அவர் கையில் ஒரு நீண்ட கோல். காலடியில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து. கோலை ஓங்கினார். அடித்தார். பந்து ஆகாயத்தில் பறந்தது. வெகு தூரத்தில் விழுந்தது. உருண்டது. ஒரு சிறு குழிக்குள் போய் விழுந்தது!

அப்பா உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் அடிக்கிறார். எத்தனை அடி அடிச்சு, இது ஒண்ணு விழுந்துச்சு?" என்று கேட்டார்.

பையன் விழித்தான். படத்தில் அது இல்லை.

அந்த அப்பா கோல்ப் ஆடியவர் அல்ல. கோல்ப் மைதானத்தைக் கண்ணால் பார்த்தவரும் அல்ல. ஆனால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார்.

எப்படிக் கேட்டார்? கரிசல் காட்டுக்காரருக்கு அது தெரியும். வத்தல் வாங்க வரும் வியாபாரி, மூடையின் மேல்வாயைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். கையை உள்ளே விடுவார். நடுவில் இருந்து ஒரு பிடி எடுப்பார். அடியில் இருந்து ஒரு பிடி எடுப்பார். பிறகுதான் விலை. மேலே கிடப்பது எல்லாம் சிவப்பு வத்தலாகத்தான் இருக்கும். சோடை வத்தல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

செல்போனில் வரும் விளையாட்டுப் படமும் ஒரு மூடைதான். நாம் பார்ப்பது மேல்வாய்.

இதற்கு ஒரு தலையங்கமா?

"பொழுது போகப் பார்க்கிறார்கள். அதற்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம்.

பொழுதுபோக்காக இருந்தால் பேச்சே வேண்டாம். அது அதோடு நிற்பது இல்லை.

படத்தைப் பார்க்கும் பிள்ளை, தன்னையும் படத்தில் உள்ளவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. "அவர் ஒரு தடவைகூடத் தவற விடவில்லை. நான் பத்துக்கு ஏழு தவற விடுகிறேன். எனக்கு விளையாட்டு வராது" என்று மனம் ஒடிந்துபோகிறது. சில பிள்ளைகள் நேர்மாறாக நினைக்கிறார்கள். ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு, படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, "நான் பெரிய ஆட்டக்காரன்" என்று மைதானத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பணம். "மாதம் இவ்வளவு கட்டுங்கள், என்னைப் போல் ஆடலாம்" என்று படத்தின் நடுவிலேயே அழைப்பு வருகிறது. வத்தல் விற்ற பணத்தில் இருந்து அதைக் கட்டச் சொல்லிப் பிள்ளை அழுதால், பெற்றோர் என்ன செய்வது? படத்தில் இருப்பவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று மதிப்பிடத் தெரிய வேண்டாமா?

ஆகவேதான் இந்தப் பேச்சு.

கோல்ப் என்பது என்ன?

நம் பக்கத்தில் கோல்ப் கிடையாது. ஊட்டியில் உண்டு. கொடைக்கானலில் உண்டு. சென்னையில் உண்டு. ஆனாலும் அதை எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை ஒரே எண்ணில் சொல்லிவிடும் ஆட்டம் அது.

முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். ஒவ்வொரு குழியும் நாலே கால் அங்குல அகலம். பந்து புறப்படும் இடத்துக்கும் குழிக்கும் நடுவே சில இடங்களில் 500 கஜத்துக்கு மேல் தூரம் இருக்கும். வழியில் மணல் பள்ளம், குளம், மரம் எல்லாம் உண்டு. 18 குழியிலும் பந்தை விழவைக்க மொத்தம் எத்தனை அடி அடித்தார் என்று எண்ணுவார்கள். குறைவாக அடித்தவர் ஜெயித்தவர்.

இதில் ஒரு வேடிக்கை. 300 கஜம் பறந்த அடியும் ஒரு அடிதான். குழியின் ஓரத்தில் ஒரு சாண் தள்ளிவிட்டதும் ஒரு அடிதான். பந்து தொலைந்தால், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். அபராதமாகவும் ஒரு அடி சேரும்.

பறந்த அடியைப் படம் எடுக்கலாம். பார்த்தவர்கள் கைதட்டுவார்கள். தவறவிட்ட ஒரு சாண் அடியை யார் படம் எடுத்து அனுப்பப் போகிறார்கள்? ஆனால், கணக்குச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே இடம்தான்.

நாலு மணி நேரம் அரை மணி ஆவது எப்படி?

18 குழி ஆடி முடிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். செல்போனில் வரும் படமோ பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி. சின்னப் படங்கள் அரை நிமிடம்தான்.

மீதி நேரம் எங்கே போயிற்று? வெட்டிவிட்டார்கள்!

வெட்டுவது குற்றம் அல்ல. நடந்து போவதையும், பந்தைத் தேடுவதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால், நடையை வெட்டிய கத்தரி, தவறிய அடியையும் வெட்டிவிட முடியும். பார்க்கிறவருக்கு அது தெரியாது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். உலகத்தின் முதல்தரமான தொழில்முறை ஆட்டக்காரர்களே, எட்டடி தூரத்தில் இருந்து பந்தை உருட்டினால் ஏறக்குறைய பாதிதான் குழியில் விழுகிறது. பாதி தவறுகிறது! அப்படியிருக்க, ஒருவருடைய படத்தில் எல்லா உருட்டலும் குழியில் விழுந்தால் என்ன அர்த்தம்? அவர் உலக வீரரைவிடப் பெரியவர் என்று அர்த்தம் அல்ல. தவறியவை நம் கண்ணுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

வேறு சில வழிகளும் உண்டு. பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் தொடங்கும் முன்பக்கத்து இடத்தில் இருந்து அடித்தால், குழி கிட்டத்தில் வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து அடித்து, எது நல்ல அடியோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், கணக்கு மிகவும் குறையும்.

இதை வெளிப்படையாகச் சொல்லியே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரைசன் டிசாம்போ என்ற அமெரிக்க வீரர் 2020-ம் ஆண்டிலும் 2024-ம் ஆண்டிலும் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை ஜெயித்தவர். அவர் பிரபலமான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, இப்படி முன்பக்கத்தில் இருந்து ஜோடியாக ஆடி, 50 அடிக்குள் முடிக்கப் பார்க்கும் படங்களை வெளியிட்டார். அது விளையாட்டுக்குள் ஒரு விளையாட்டு. அவர் ஒளிக்கவில்லை. "50 அடியில் முடித்துவிட்டார்" என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நாம் ஏமாந்தால், பிழை நம்முடையதுதான்.

எல்லோரும் போலிகளா?

அப்படியும் சொல்லிவிடக் கூடாது. மேல்வாய் நன்றாக இருக்கிறது என்பதாலேயே அடியில் சோடை என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு.

பிரையன் சகோதரர்கள் என்று இருவர். அமெரிக்காவில் தெற்கு கரோலினாக்காரர்கள். அண்ணன் பந்தைத் தூக்கிப் போட, தம்பி அந்தரத்தில் அடிப்பார். இப்படிப்பட்ட வித்தைப் படங்களால் பெயர் பெற்றார்கள். "இது சர்க்கஸ். ஆட்டம் அல்ல" என்று தள்ளிவிடத் தோன்றும்.

ஆனால், தம்பி வெஸ்லி பிரையன் பந்தயத்தில் இறங்கினார். 2016-ம் ஆண்டு இரண்டாம் நிலைப் பந்தயங்களில் மூன்றை ஜெயித்து, மேல்நிலைக்கு ஏறினார். 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதே தெற்கு கரோலினாவில் நடந்த ஹெரிடேஜ் பந்தயத்தை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்!

அவரை வீரர் என்று உலகம் ஒப்புக்கொண்டது. வித்தைப் படத்தைப் பார்த்தா? இல்லை. நாலு நாள் பந்தயத்தில், பிறர் எழுதிய கணக்கைப் பார்த்து!

கத்தரி இல்லாத பரீட்சை

இந்தக் கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. படம் எடுக்கிறவர்கள் மெய்யாகவே ஆடுவார்களா என்று ரசிகர்கள் வாதாடினார்கள். பெரிய பந்தயங்களை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் என்ற அமைப்பு, ஒரு பரீட்சை வைத்தது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, அட்லாண்டா நகரில் உள்ள ஈஸ்ட் லேக் மைதானத்தில், படம் எடுத்துப் பெயர் பெற்ற 16 பேர் இறங்கினார்கள். ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பானது. வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. பந்து தண்ணீரில் விழுந்தால் விழுந்ததுதான். ஜெயித்தவர் லூக் குவோன். அவர் முன்பே தொழில்முறைப் பந்தயங்களில் ஆடிப் பழகியவர்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம், புளோரிடாவில் உள்ள சாகிராஸ் மைதானத்தில் மறுபடியும் இப்படி ஒரு போட்டி நடந்தது. கிராண்ட் ஹார்வட் என்ற வாலிபர் ஜெயித்தார்.

அத்துடன் தீர்ந்ததா? தீரவில்லை. அவை ஒரு பிற்பகல் பந்தயங்கள். பெரிய பந்தயம் நாலு நாள் நடக்கும். 72 குழிகள் ஆட வேண்டும்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்த ஒரு மேல்நிலைப் பந்தயத்தில் ஆட ஹார்வட்டுக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. பந்தயத்தின்போது தன் படத்தை எடுக்க விதிகள் இடம் தரவில்லை என்று காரணம் சொன்னார். இது கோழைத்தனம் என்று சிலர் சொன்னார்கள். அவருக்குப் படம்தான் தொழில், அதனால் சரி என்று சிலர் சொன்னார்கள்.

நாம் இரண்டும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். அந்த நாலு நாளில் அவர் எத்தனை அடியில் முடித்திருப்பார் என்ற கேள்வி, பதில் இல்லாத கேள்வியாகவே நின்றுவிட்டது. ஆடாத ஆட்டத்துக்கு மார்க் போட முடியாது. கூட்டியும் போடக் கூடாது. குறைத்தும் போடக் கூடாது.

ஒரே ஒரு அடி!

நாலு நாள் ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதை நம் நாட்டுப் பெண் ஒருவர் காட்டினார். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்தபோது, அவர் நாலு நாளும் ஆடி, 269 அடிகளில் முடித்தார். வெண்கலப் பதக்கம் வாங்கியவர் 268. அதிதிக்கு நாலாவது இடம்.

269-ல் ஒன்று! அந்த ஒன்று பெரிய அடியாகவும் இருந்திருக்கலாம். குழியின் ஓரத்தில் நின்றுபோன சின்ன உருட்டலாகவும் இருந்திருக்கலாம். பந்தயத்தில் எந்த அடியும் வெட்டப்படுவது இல்லை. அதனால்தான் அவருடைய நாலாவது இடம், ஆயிரம் வித்தைப் படங்களைவிடப் பெரியது.

கோல்ப் சங்கங்களும் இந்த ஞாயத்தைத் தெரிந்தே விதி செய்திருக்கின்றன. ஓர் ஆட்டக்காரரின் திறமைக்கு 'ஹேண்டிகேப்' என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். அது ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுப்பது அல்ல. கடைசி 20 ஆட்டங்களின் கணக்கை எடுத்து, அதில் சிறந்த 8 ஆட்டங்களை வைத்துப் போடுகிறார்கள். நாம் மட்டும் அரை நிமிடப் படத்தைப் பார்த்து, "இவர்தான் உலக வீரர்" என்று பட்டம் கொடுத்துவிடலாமா?

நம் ஊர்ப் பாடம்

இனி, கோவில்பட்டிக்கு வருவோம். கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி. விளையாட்டு என்று வந்தால், கோவில்பட்டி என்றால் ஆக்கி!

செல்போனில் ஆக்கி வித்தைப் படங்களும் ஏராளமாக வருகின்றன. மட்டையின் நுனியில் பந்தைத் துள்ளவிட்டு, வைத்திருக்கும் தடைகளை எல்லாம் தாண்டி ஓடுவார்கள். அழகுதான். ஆனால், தடை அசையாது. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது போய் நின்று பாருங்கள். அங்கே எதிரே நிற்பது தடை அல்ல. அது எதிர் அணிக்காரர். அவரும் ஓடுவார். அவரும் பந்தைப் பறிக்க வருவார்.

2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆக்கி நடந்தது. இந்திய அணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இருந்தார்.

மே மாதம் 23-ந் தேதி பாகிஸ்தானுடன் ஆட்டம். தொடக்கத்திலேயே கார்த்தி கோல் போட்டார். நாடே கைதட்டியது!

அந்தக் கோலை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். இந்தியா ஜெயித்தது போலவே தோன்றும். ஆனால், ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பாகிஸ்தான் பதில் கோல் போட்டது. ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. கோலும் உண்மை. சமநிலையும் உண்மை. முழு 60 நிமிடத்தையும் பார்த்தவருக்குத்தான் இரண்டும் தெரியும்.

அந்த அணி சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து ஆடியது. கடைசியில் ஜப்பானை 1-0 என்று தோற்கடித்து, வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

படம் பார்க்கும் பிள்ளைகளும், பக்கத்தில் இருக்கும் பெற்றோர்களும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கோல்ப் ஆனாலும், ஆக்கி ஆனாலும், கிரிக்கெட் ஆனாலும் இவை பொருந்தும்.

ஒன்று: முழு ஆட்டத்தையும் காட்டுகிறாரா? அல்லது, வெட்டி எடுத்த துண்டைக் காட்டுகிறாரா?

இரண்டு: கணக்கு எழுதியது யார்? அவரேவா, நடுவரா?

மூன்று: எதிரே ஆடியவர்கள் யார்? ஆள் இல்லாத இடத்தில் ஆடினாரா, சமமானவர்களோடு ஆடினாரா?

நாலு: எந்த விதிப்படி ஆடினார்? தவறினால் மறு அடி உண்டா? தூரம் குறைத்தாரா?

ஐந்து: எத்தனை தடவை இப்படி ஆடினார்? ஒரு நாளா, பல வருடமா?

ஐந்துக்கும் நல்ல பதில் கிடைத்தால், அவர் ஆட்டக்காரர்தான். பதில் கிடைக்காவிட்டால், அவரைத் திட்ட வேண்டாம். "தெரியவில்லை" என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஒன்றுக்குப் பணம் கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

ஏளனமும் வேண்டாம்

இன்னொரு பக்கமும் உண்டு. சிலர் படத்தைப் பார்ப்பதே குற்றம் கண்டுபிடிக்கத்தான். "இவனுக்கு ஆடவே தெரியாது" என்று முகம் தெரியாதவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். இதுவும் அதே பிழைதான். அரை நிமிடத்தைப் பார்த்து வாழ்த்துவது எப்படித் தவறோ, அரை நிமிடத்தைப் பார்த்து வசைபாடுவதும் அப்படியே தவறு.

ஆடத் தெரிவது வேறு. சொல்லிக் கொடுக்கத் தெரிவது வேறு. சிரிக்க வைக்கத் தெரிவது இன்னும் வேறு. மாநில அணியில் கூட ஆடாத எத்தனையோ உடற்பயிற்சி ஆசிரியர்கள், நாட்டுக்கு ஆடும் வீரர்களை உருவாக்கி இருக்கிறார்கள். அதேபோல், நடுத்தரமாக ஆடும் ஒருவர் நல்ல படம் எடுக்கலாம். ஆட்டத்தின் விதிகளை நன்றாக விளக்கலாம். தன் தவறுகளையும் வெட்டாமல் காட்டுகிறவர் என்றால், அவர் மரியாதைக்கு உரியவர். "நான் வீரன் அல்ல. ஆட்டத்தை விரும்புகிறவன்" என்று சொல்கிறவரை நாம் தாராளமாக ரசிக்கலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை!

மைதானத்தில் நீங்கள் பத்து அடி அடிக்கிறீர்கள். ஏழு தவறுகிறது. அதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். படத்தில் இருப்பவருக்கும் தவறிய அடிகள் உண்டு. அவர் வெட்டிவிட்டார். நீங்கள் வெட்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

அந்த ஏழையும் எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அது ஆறு ஆகலாம். அதற்கு அடுத்த மாதம் ஐந்து ஆகலாம். அந்தச் சீட்டுதான் உங்கள் உண்மையான படம்.

பெற்றோர்களே, படம் பார்க்காதே என்று செல்போனைப் பிடுங்குவதில் பயன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். அந்தப் புதூர் அப்பாவைப் போல ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை அடி அடிச்சு, இது ஒண்ணு விழுந்துச்சு?"

மானாவாரிக் காட்டில் ஒரு வருடம் விளையும். ஒரு வருடம் காயும். விளைந்த வருடத்தை மட்டும் சொல்லிக் கடன் வாங்க முடியுமா? பத்து வருடக் கணக்கையும் பார்ப்பவர்தான் காட்டைப் பற்றித் தெரிந்தவர்.

ஆட்டமும் அப்படித்தான். மேல்வாயைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல்வாயைப் பார்த்து இகழவும் வேண்டாம்.

மூடைக்குள் கை விட்டுப் பாருங்கள். பிறகு விலை சொல்லுங்கள்!